பீலிக்கு மேலே பத்து வீடுகள்

வாஹித் பாஸுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். கையிலிருக்கிற சாந்துக் கரண்டியைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். கரண்டியில் பொட்டுச் சாந்து ஒட்டியிருக்காது. ஆனாலும் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, சாரத்து நுனியால் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பதுளையில் கொத்தனாரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்; அவரோடு மேசன் வேலை செய்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். "பாஸ் கரண்டி கழுவுறாரு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பக்கம் தலை காட்டமாட்டார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவர் கழுவிய கழுவில் அந்தக் கரண்டி தேயாமல் இருந்ததே பெரிய காரியம். எல்லாம் மண்ணால் வந்த தொல்லை.

அதுவரைக்கும் பிறர் ஒப்பந்தமாக எடுத்த கொந்தராத்தில்தான் அவர் சுவர் வைத்துக்கொண்டிருந்தார். பசறைக்கு அப்பால் கரடிக்கல் தேயிலைத் தோட்டத்தில் பத்து வீடு கட்டும் வேலை முதல் தடவையாக அவர் பெயரிலேயே கிடைத்தது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே தொழிலாளர்களின் வரிசை அறைகளான வெள்ளைக்காரன் காலத்து லயம் ஒன்று நடுமுதுகில் பிளந்து, இன்னொரு மழைக்குத் தாங்காது என்ற நிலையில் நின்றது. அதிலிருந்த பத்துக் குடும்பங்களுக்கும் தனித்தனி வீடு. செய்தி கேட்டு மனைவி நளீரா வட்டிலப்பம் செய்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். வாஹித் மட்டும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சந்தோஷமில்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள் நளீரா.

"சந்தோஷந்தான். அந்தத் தோட்டமா இரிக்காம வேற தோட்டமா இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

ஏன் என்று அவள் கேட்பதற்குள் அவர் கை கழுவ எழுந்துபோய்விட்டார்.

கரடிக்கல் அவருக்குப் புதிய இடமல்ல. தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்றுதான் அங்கே சொல்வார்கள். மேல்கணக்கில் இரண்டு வருஷத்துக்கு முன்பு வேறொருவர் வீடு கட்டியபோது சுவர் வைத்தது வாஹித்தான். அந்தக் கொந்தராத்துக்காரர் புல்டோசர் கொண்டுவந்து, சரிவின் மேலிருந்த கறுத்த மண்ணை ஒரே மூச்சில் வழித்துப் பள்ளத்தில் தள்ளினார். கீழே மஞ்சள் நிறத்தில் கெட்டித் தரை தெரிந்தது. அஸ்திவாரம் போட நல்ல வாகான தரை. வீடுகளும் அழகாக எழும்பின. ஆனால் அடுத்த மழைக்கு வாசலில் விழுந்த தண்ணீர் தார் ரோட்டில் விழுந்த மாதிரி சரசரவென்று ஓடிப்போனது. ஒரு செடி முளைக்கவில்லை. அதற்கடுத்து, அந்த மலைப்பக்கத்தையே வறட்டிப்போடும் ஆடிக் காற்று வீசியபோது, வீடுகளுக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக ஊற்றிக்கொண்டிருந்த பீலி சொட்டு சொட்டாகி, பிறகு சொட்டும் நின்றுபோனது. மலையிலிருந்து ஊறி வருகிற தண்ணீரை மூங்கில் குழாயில் வாங்கி விழவிட்டிருக்கும் பீலி அது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அது நின்றதும் சனங்கள் ஆற்றுக்கு இறங்கி ஏறினார்கள்.

வாஹித் இதைக் காதால் கேட்டார். ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது கண்ணாலும் பார்த்தார். 'நான் சுவர்தானே வைத்தேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டாரே தவிர, பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது கிடைத்த வேலை கீழ்க்கணக்கில். அங்கும் சரிவுதான். சரிவுக்குக் கீழே அங்கும் ஒரு பீலி.

முதல் நாள் இடத்தை அளந்து குச்சி அடிக்க வந்தவர் சிவஞானம் என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாரும் டி.ஓ. ஐயா என்று கூப்பிடுவார்கள். அவர் குனிந்து ஒரு பிடி கறுத்த மண்ணை அள்ளி, பிசைந்து, வாஹித்தின் கையில் வைத்தார்.

"இதை எறியக் கூடாது, பாஸ். ஓரடி ஆழத்துக்கு வழிச்செடுத்து ஒரு பக்கமாக் குவிச்சு வையுங்கோ. வீடு முடிஞ்சாப் பிறகு வாசல் முழுக்கத் திருப்பிப் பரவ வேணும். முக்காலடிக்குக் குறைஞ்சுதெண்டா நான் வீட்டைப் பாரமெடுக்க மாட்டன், கையெழுத்தும் வைக்க மாட்டன்."

"ஐயா, நாங்க கட்டப் போறது வீடு. தோட்டம் போடுறதுக்கா வந்தோம்?"

"இந்த மண் மழையைக் குடிச்சு வைச்சிருக்கும். கீழ கிடக்கிற மஞ்சள் மண் குடியாது, ஓட விட்டிடும். பீலிக்கு எங்கயிருந்து தண்ணி வருகுதெண்டு நினைக்கிறியள்? நம்பாட்டி மேல்கணக்கைப் போய்ப் பாருங்கோ."

வாஹித் கையிலிருந்த மண்ணைக் கீழே வைத்தார். ஓரமாகப் போய்க் கரண்டியைக் கழுவினார்.

வேலை தொடங்கிய அன்றே வேலாயி வந்து பார்த்தாள். பிளந்த லயத்தில் இருந்தவள். புதிய வீட்டில் ஒன்று அவளுக்கு. கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அவளுடைய அண்ணன் குடும்பம் கப்பலேறிவிட்டது. கூடப் போயிருக்க வேண்டியவள், கடைசியில் கணவன் வீரய்யாவோடு இங்கேயே இருந்துவிட்டாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவள்.

"நீங்கதானே மேக்கணக்குல செவரு வச்ச பாஸு?"

"செவரு மட்டுந்தான் வச்சன்."

"செவரு நல்லாத்தான் இருக்கு. குடிக்கத்தான் தண்ணி இல்ல."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்துவிட்டாள்.

வாஹித் மண்ணை வழித்தார். புல்டோசர் இல்லாமல் மம்பட்டியால் வழிக்கிற வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. அவருடைய கையாள் லத்தீப் முணுமுணுத்துக்கொண்டே சுமந்தான். சரிவின் ஓரத்தில் மண் ஒரு சிறு குன்றாக எழும்பியது. அதற்கு மேலே தண்ணீர் திரும்பிப் போக ஒரு கான் வெட்ட வேண்டும், மழைக்கு முன் மானாப்புல்லை வெட்டி மண்ணை மூட வேண்டும், கீழே கல்லடுக்க வேண்டும் என்று டி.ஓ. சொல்லியிருந்தார். வாஹித் கல்லை மட்டும் அடுக்கினார். மற்ற இரண்டையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். அவரை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. கூரைத் தகரம் வர ஏகப்பட்ட தாமதம். வந்ததும், மழைக்கு முன் கூரையைப் போட்டுவிட்டால் போதும் என்று எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டார்.

ஐப்பசி மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. ஒரு முற்பகலில் மலைக்கு அந்தப் பக்கம் இருண்டது. அடுத்த கணம் தகரத்தின் மேல் கல்லெறிகிற மாதிரி கொட்டியது. வாஹித்தும் லத்தீப்பும் கூரையிலிருந்து இறங்கித் தகரத்துக்கடியில் ஒதுங்கினார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவே பெண்களின் கூச்சல் கேட்டது. வாஹித் எட்டிப் பார்த்தார். மண் குன்று இருந்த இடத்தில் பாதிக் குன்றுதான் இருந்தது. அடுக்கிய கற்கள் உருண்டு கிடந்தன. கறுப்பாக ஒரு குழம்பு சரிவில் வழிந்து, நேரே பீலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல வேளையாக அந்த நேரம் பீலியடியில் யாரும் குளிக்கவில்லை. வாஹித் ஓடிப்போய் நின்றபோது மூங்கில் குழாயைக் காணோம். ஊற்றுக் கண்ணை மூடிக்கொண்டு முழங்கால் அளவு சேறு. மழையில் நனைந்தபடி பெண்கள் குடங்களோடு நின்றார்கள். வேலாயி கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நீங்க மேலயிருந்து தள்ளி விடுறத நாங்க கீழயிருந்து குடிக்கணுமா பாஸ்? சொல்லுங்க, குடிக்கிறோம்."

அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கரண்டியைக் கழுவலாம் என்றால் கழுவவும் தண்ணீர் இல்லை.

அன்றைக்கே கூரை வேலையை நிறுத்தினார். ஆட்களையெல்லாம் பீலியடிக்கு இறக்கினார். தோட்டத்து டிராக்டரில் பீப்பாய் ஏற்றி லயத்துக்குத் தண்ணீர் வர ஏற்பாடு செய்தார். பிறகு முழங்கால் சேற்றில் இறங்கித் தானே வாளியால் அள்ளினார். ஊற்றுக் கண் தெரியவில்லை. அடைபட்ட ஊற்று வேறு பக்கம் திரும்பிவிடுமோ என்று வீரய்யா ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து வாஹித் சாப்பாட்டு நேரத்திலும் வாளியைக் கீழே வைக்கவில்லை. வேரும் கல்லுமாக அள்ளி அள்ளி, ஒரு மத்தியானம் கைக்கு ஜில்லென்று ஏதோ பட்டது. கையை எடுத்தார். சேற்றுக்குள்ளிருந்து தெளிந்த தண்ணீர் குமிழியிட்டு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணைச் சுற்றிக் கருங்கல்லில் தொட்டி கட்டினார். மேலே மூடி போட்டார். மூங்கிலுக்குப் பதிலாக இரும்புக் குழாய் வைத்தார். மேலே கானும் வெட்டினார், மிச்ச மண்ணைப் புல்லாலும் மூடினார். இதையெல்லாம் முதலிலேயே செய்திருந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடுகள் முடிகிற கட்டத்துக்கு வந்தபோது கணக்குப் பார்த்தால், மிஞ்சிய மண் பாதி வாசலுக்குத்தான் காணும். லத்தீப் ஒரு வழி சொன்னான்.

"மஞ்சள் மண்ணையே நிரவிட்டு, மேலாக்க ஒரு விரற்கடை கறுத்த மண்ணத் தூவிவிடுவோம் பாஸ். டி.ஓ. ஐயா தோண்டியா பாக்கப் போறாரு?"

வாஹித் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, தூவிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகாது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் அடுத்த ஆடிக் காற்றுக்கு, மறுபடியும் 'நான் சுவர்தானே வைத்தேன்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது. இந்தத் தடவை சுவரும் அவருடையது, வாசலும் அவருடையது.

மறுநாள் காலையில் பதுளையிலேயே டி.ஓ.வைப் போய்ப் பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். லத்தீப் சொன்ன வழியையும் சொன்னார்.

சிவஞானம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"சொன்னது நல்லதாப் போச்சு. நான் தோண்டித்தான் பார்த்திருப்பன். அதுக்கெண்டே ஜீப்பில அலவாங்கு வைச்சிருக்கிறன்."

வாஹித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவும் டி.ஓ.வும் சிரித்தார். ஒரு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அன்றைக்குத்தான் சேர்ந்து தேநீர் குடித்தார்கள்.

"மண்ணுக்கு இப்ப எங்க போறது ஐயா?"

"தேயிலை மலையில ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கழுவுப்பட்டுக் கானுக்குள்ளதானே வந்து கிடக்குது. தோட்டம் எப்படியும் அதை அள்ளத்தான் வேணும். துரையிட்ட நான் கேக்கிறன்."

தோட்டத்து நிர்வாகியான துரைக்கு என்ன நட்டம்? கான்கள் சும்மாவே துப்புரவாகும். அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். வீரய்யா கான் வெட்டுகிற வேலைக்காரன். எந்தக் கானில் மண் தேங்கிக் கிடக்கிறது என்று அவன் காட்டினான். வாஹித்தின் ஆட்கள் போதவில்லை. இந்த முறை வேலாயியிடம் போய் அவரே நின்றார்.

"அக்கா, நான் கெடுத்தத நானே சரிக்கட்டோணும். ஆனா ஆள் காணாது."

வேலாயி சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "எங்க வாசலுக்குத்தானே பாஸ். இத மொதல்லயே கேட்டிருக்கலாமே."

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து வீட்டுக்காரர்களும் சாக்கும் கையுமாக வந்தார்கள். கானிலிருந்து வாசல் வரைக்கும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். பேச்சும் சிரிப்பும் ஏச்சுமாக ஒரு கலியாண வீடு மாதிரி இருந்தது. மாட்டுப் பட்டியிலிருந்து எருவும் வந்து சேர்ந்தது. டி.ஓ. வந்த அன்று ஒவ்வொரு வாசலிலும் கூரான இரும்பு அலவாங்கைக் குத்திப் பார்த்தார். வாஹித் பின்னாலேயே போனார். கோடி வீட்டு மூலையில் மட்டும் மண் கொஞ்சம் மெலிவு. டி.ஓ. வாயைத் திறப்பதற்குள் வேலாயி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டினாள். "இப்பக் குத்துங்க ஐயா" என்றாள்.

சித்திரையில் குடிபோனார்கள். அன்று பின்னேரம் மழை பெய்தது. எல்லாரும் புதிய கூரைக்குள் ஓடினார்கள். வாஹித் மட்டும் வாசலில் குடையோடு நின்று குனிந்து பார்த்தார். தண்ணீர் விழுந்தது, மண் கறுத்தது, அவ்வளவுதான். ஓடவில்லை. உள்ளேயிருந்து யாரோ, "பாஸுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டது அவர் காதில் விழுந்தது.

ஆனாலும் ஆடிக் காற்று இன்னும் வரவில்லையே.

அது வந்தது. அந்த வருஷம் கொஞ்சம் முன்கூட்டியே வந்தது. பதுளையில் குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வரத் தொடங்கியது. மலைகளில் புல் காய்ந்து மஞ்சளாயிற்று. வாஹித் அப்போது கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையைத் திருத்திக்கொண்டிருந்தார். பசறை பஸ் நிற்கிற பக்கம் போகாமல் சுற்றிப் போய் வந்தார். கரடிக்கல் ஆட்கள் யாராவது எதிர்ப்பட்டால் பீலியைப் பற்றிக் கேட்க வேண்டிவருமே!

"போய்ப் பாத்துட்டு வந்தாத்தான் என்ன? தூக்கத்துலயும் தண்ணி, தண்ணி எண்டுறீங்க" என்றாள் நளீரா.

"பாப்பம், பாப்பம்" என்றார். போகவில்லை.

ஒரு நாள் காலை, பசறை பஸ்ஸின் கண்டக்டர் காமில் கடை வாசலில் வந்து நின்றான்.

"பாஸ், கரடிக்கல்லுல ஏறின ஒரு பொம்பள உங்களுக்குச் சொல்லச் சொன்னா. பீலியில தண்ணி நிண்டுட்டுதாம். உங்கள ஒருக்கா வரட்டுமாம்."

வாஹித்தின் கையிலிருந்த கரண்டி சாந்துச் சட்டிக்குள் விழுந்தது. எடுக்கவில்லை. காமிலோடு அதே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வளைந்து வளைந்து ஏறுகிற அந்த ரோட்டில் அவர் எத்தனையோ தடவை தூங்கிக்கொண்டு போயிருக்கிறார். அன்று கண்ணை மூட முடியவில்லை. எங்கே தவறினோம் என்று தேடிக்கொண்டே போனார். சேற்றை அள்ளும்போது ஊற்றின் கண்ணைக் குத்திவிட்டோமா? தொட்டியைக் கட்டியது பிழையோ? டி.ஓ. என்ன சொல்வார்? வேலாயி என்ன சொல்வாள் என்று நினைக்கவே அவர் விரும்பவில்லை.

தோட்டத்துச் சந்தியில் இறங்கி நடந்தார். முன்னால் நாலைந்து பெண்கள் வெறுங்குடங்களோடு போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு அலைகிற கூட்டம். அவர்களை முந்திப் போக வெட்கப்பட்டு, பின்னாலேயே நடந்தார். அவர்கள் ஆற்றுப் பாதையில் திரும்புவார்கள் என்று பார்த்தார். திரும்பவில்லை. கீழ்க்கணக்குப் பாதையிலேயே இறங்கினார்கள்.

அப்புறம் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. கல்லில் தண்ணீர் விழுகிற சத்தம்.

பீலியடியில் வேலாயி துணி அலசிக்கொண்டிருந்தாள். இரும்புக் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மழைக்காலத்து வேகம் இல்லை. ஆனால் பெருவிரல் மொத்தத்துக்கு, அறுபடாமல், கண்ணாடி மாதிரி விழுந்தது.

"வாங்க பாஸ்! என்ன இப்பிடி வேர்த்து விறுவிறுத்து வாறீங்க?"

"தண்ணி நிண்டுட்டுது எண்டு நீங்க சொல்லி அனுப்பலியா?"

"ஆமாங்க, சொன்னேன். இந்தக் காத்துக்கு மேக்கணக்கு மாதிரி போயிரும்னு எல்லாரும் பயந்துகிட்டு இருந்தோம். போகாம நின்னுக்கிச்சில்ல? பாஸுக்கும் தெரியட்டுமேன்னுதான் சொல்லச் சொன்னேன்."

வாஹித் அங்கிருந்த துவைகல்லில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு காமில் சொன்னதை அவர் சொல்ல, வேலாயி ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குடத்தோடு வந்த பெண்களும் சிரித்தார்கள். வாஹித் குனிந்து, குழாயடியில் இரண்டு கையையும் ஏந்தி, முகத்தில் அடித்து, வயிறு முட்டக் குடித்தார். நெஞ்சுக்குள் ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்த கல் அந்தத் தண்ணீரோடு கரைந்து இறங்குகிற மாதிரி இருந்தது.

குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியலெட்சுமி என்று பெயர். மேல்கணக்குக்காரி.

"எங்க வாசலுக்கும் இதே மாதிரி மண்ணு போட முடியுமாங்க? ஞாயித்துக்கெழமையில நாங்க அம்புட்டுப் பேரும் வாறோம். தொரைகிட்ட வேலாயிக்கா கேட்டுட்டாங்க. நீங்க வந்து நின்னு காட்டணுமாம்."

"ஒங்கள வரச் சொன்னது அதுக்குந்தான்" என்றாள் வேலாயி, சேலையைப் பிழிந்தபடி.

மேல்கணக்குப் பீலி திரும்பி வருமா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. அதை அப்படியே சொன்னார். "மண்ணைப் போட்ட உடனே தண்ணி வராது. ரெண்டு மழை போகோணும். வந்தாலும் வரும். ஆனா செய்வம். அந்தச் செவரும் நான் வச்சதுதான்."

வேலாயி வீட்டு வாசலில் அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். போஞ்சிக் கொடி கம்பில் ஏறியிருந்தது. முட்டைக்கோவா இலை விரித்திருந்தது. அந்த வறட்சியிலும் பாத்தி ஓரம் ஈரமாகத்தான் இருந்தது. வீரய்யா ஒரு பை நிறையப் போஞ்சி பிடுங்கிக் கொடுத்தான். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

பின்னேர பஸ்ஸில் ஏறிய வாஹித், சந்தி மறைவதற்குள் தூங்கிப்போனார். பதுளைக்கு வந்து எல்லாரும் இறங்கிய பிறகு காமில் வந்து தோளைத் தட்டி எழுப்பினான். செய்தியைத் தலைகீழாகக் கொண்டுவந்ததற்கு அவனை ஏச வேண்டும் என்று நினைத்திருந்தார். எழுந்தபோது அது ஞாபகத்திலேயே இல்லை. ஒரு பிடி போஞ்சியை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

வீட்டு வாசலில் நளீரா முகம் வாடி நின்றாள். கடைக்குப் போனவர் சாந்துச் சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார் என்று யாரோ வந்து சொல்லியிருந்தார்கள்.

"என்ன நடந்தது? அங்க என்ன இரிக்கி? சொல்லுங்களேன்!"

வாஹித் பையை அவள் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார்.

"தண்ணி இரிக்கி" என்றார். "சோத்தப் போடுங்க. காலையிலிருந்து ஒண்டும் தின்னல்ல, நல்லாப் பசிக்குது."